மரவேர்

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம்.
சுவர் முழுக்க ஒரு மரம், தலைகீழாக:
வேர் உச்சியில், இலைகள் தரையை நோக்கி.
வேரில் எழுதியிருக்கும்: புயல் எச்சரிக்கை.

கிளைகளில் சைரன், ஒலிபெருக்கி, குறுஞ்செய்தி,
கடல்மட்டக் கருவி, கெடிலம் பாலத்துக் கேமரா,
சூரியத் தகடு, பேட்டரி, ஈ.பி. மின்சாரம்.
நிறைந்த வட்டம் என்றால் கட்டாயம்.
வெற்று வட்டம் என்றால்
இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
இரண்டுக்கு நடுவே கோடு கிழித்துப் பெருக்கல் குறி போட்டால்
ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்காது.
என் ஓரகத்தியும் நானும் மாதிரி, என்றாள் செங்கமலம்.
சிரிக்கவில்லை.

எழுபத்து மூன்று வெற்று வட்டங்கள்.
எத்தனை விதமாய்ச் சேரும் என்று
ஜெயசீலன் ஒருநாள் பெருக்கிப் பார்த்தான்.
திரையில் இடம் போதாமல் கால்குலேட்டர் பிழை என்றது.
நாங்கள் சோதித்தவை நாற்பது.
அதற்கே இரண்டு மழைக்காலம்.

மீதியை அது தானே பார்த்துக்கொள்ளும்.
டெண்டரில் அப்படித்தான் எழுதினோம்:
நிலைமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்.
கலெக்டர் ஆபீஸில் அந்த வரியை இருமுறை வாசித்தார்கள்.

எனக்கு அது புதுசில்லை.
பத்தாவதில் மனப்பாடம் செய்ததுதான்.
இரண்டு சொல் சேரும் இடத்தில்
தோன்றும், திரியும், கெடும்.
மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர்.
நடுவில் ஒரு மகர ஒற்று செத்துப்போகிறது.
யாரும் புகார் எழுதுவதில்லை.

கார்த்திகை இருபத்தொன்று, இரவு ஒன்றே கால்.
முதலில் மின்சாரம். எதிர்பார்த்ததுதான்.
சூரியத் தகடு மூன்று நாளாய்ப் பட்டினி.
பேட்டரி இருபதுக்குக் கீழே இறங்கியதும்
ஒலிபெருக்கியும் கேமராவும் கெட்டன.
குறுஞ்செய்தி திரிந்து நான்கு சொல்லாய்ச் சுருங்கியது.
டவர் சாய, அதுவும் கெட்டது.
பெண்ணையாற்று முகத்துவாரத்துக் கருவியில்
கொட்டலசு ஒட்டி
ஒரு பொய் தோன்றியது:
கடல்மட்டம், பூஜ்யம்.

ரேடியோவில் நிமிடத்துக்கு ஒருமுறை அதன் நாடி வந்தது.
நாங்கள் வரையாத மரம் ஒன்று திரையில்
தன்னைத் தானே கழித்துக் கழித்து
நின்றது.
நாற்பதில் எதுவுமில்லை அது.
விதி எதையும் மீறவுமில்லை.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.

மிச்சம் சைரன் மட்டும்.
அது ஊதக் கடல்மட்டம் ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டும்.
பூஜ்யம் எப்போது ஒன்றரை ஆகும்?

தாழங்குடாவில் எங்கள் ஆபரேட்டர் அஞ்சலாட்சி.
சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு.
மரத்தில் அவளுக்கு வட்டம் கிடையாது.
பெட்டியின் கதவைத் திறந்தாள். பச்சை விளக்கு.
பச்சை என்றால் எல்லாம் சரி,
பயிற்சியில் நான்தான் சொன்னேன்.
பச்சையைப் பார்த்தாள்.
கணுக்காலில் ஏறிய தண்ணீரைப் பார்த்தாள்.
இரண்டு வயரைப் பல்லால் உரித்து
முறுக்கிச் சேர்த்தாள்.

பதினோரு நிமிடம் ஊதியது. பேட்டரி அவ்வளவுதான்.
அதற்குள் மூன்று தெருவும் பள்ளிக்கூட மாடியில்.

திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டம்.
அனுமதியின்றிக் கருவியைத் திறந்தவர் பெயர் என்று
படிவத்தில் ஒரு கட்டம். காலியாக விட்டேன்.
ஜெயசீலன் சுவரில் புதுக் கிளை வரைந்தான்:
மனிதத் தலையீடு.
வெற்று வட்டம்.
செங்கமலம் மார்க்கரைப் பிடுங்கி அதை நிரப்பினாள்.
கட்டாயம் என்றால் அவள் எப்போது தூங்குவாள், என்றேன்,
நாலாயிரத்து ஐந்நூறுக்கு?
மூவரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
மை காயவில்லை.

அப்போதுதான் போன். அஞ்சலாட்சி.
அந்தப் பச்சை விளக்கைக் கழற்றிவிடலாமா என்கிறாள்.
ராத்திரியானால்
பூச்சி மொய்க்கிறதாம்.